அசிசி பிரான்சிஸ் பற்றிய உரைகளும் தியானங்களும்: ஒரு விமர்சனம்

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3ஆம் நாள் மாலையில், அந்நகருக்குக் கீழே உள்ள போர்சியுங்குலா சிற்றாலயத்தின் அருகில் இறந்தார். 2026 அக்டோபரில் அந்த இறப்புக்கு 800 ஆண்டுகள். அவரது திருநாள் அக்டோபர் 4. அந்த நாளை ஒட்டிப் பங்குகளிலும், பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபைக் கூட்டங்களிலும், தியான இல்லங்களிலும் அவரைப் பற்றிய உரைகள் நடப்பது வழக்கம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இத்தகைய உரைகள் சிலவற்றை நானும் ஆற்றியிருக்கிறேன். இன்னும் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எது சொல்லப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விமர்சனம் மற்றவர்கள்மேல் மட்டுமல்ல, என்மேலும்தான்.

ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பேசி முடித்தேன். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தது, குப்பியோ ஊரின் ஓநாயைச் சாந்தப்படுத்தியது, அமைதிக்கான மன்றாட்டு ஆகிய மூன்றும்தான் என் உரை. ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபின் கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மெதுவாக வந்தார். தொழுநோய் குணமானவர், விரல்கள் தேய்ந்திருந்தன. "சார், ஓநாயைப் பத்திச் சொன்னீங்க, நல்லா இருந்துச்சு. எங்களைப் பத்தி அவரு எதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டார்.

"சொல்லியிருக்கிறார் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பிரான்சிஸ் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும்போது அந்தப் பெரியவரைப் போன்றவர்களிடமிருந்துதான் தொடங்குகிறார் என்பதை நான் படித்திருந்தேன். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதை விட்டுவிட்டு ஓநாயைச் சொல்லியிருந்தேன். யாருக்காக அந்தப் பகுதியை விட்டேனோ, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர் கடைசி வரிசையில் இருந்தார்.

அவர் எழுதாததும் சொல்லாததும்

முதலில் ஒரு திருத்தம். தம்மை அமைதியின் கருவியாக்கும்படி இறைவனை வேண்டும் புகழ்பெற்ற மன்றாட்டு பிரான்சிஸ் எழுதியதன்று. அது 1912இல் பாரிஸ் நகரில் வெளிவந்த 'லா குளோஷெத்' என்னும் சிறு பக்தி இதழில், ஆசிரியர் பெயர் இல்லாமல், பிரெஞ்சு மொழியில் அச்சாயிற்று. அதற்கு முந்திய எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் அது காணப்படவில்லை. பின்னர் பிரான்சிஸின் உருவம் அச்சிட்ட படம் ஒன்றின் பின்பக்கத்தில் அதைப் போட்டார்கள். படத்தில் இருந்தவரின் பெயர் பின்பக்கத்து மன்றாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் களைத்த மக்கள் அதை வாரி எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று: எப்போதும் நற்செய்தியை அறிவியுங்கள், தேவைப்பட்டால் சொற்களையும் பயன்படுத்துங்கள் என்ற பொருளில் அவர் பெயரால் வழங்கும் வாசகம். அவர் எழுத்துகளில் அது இல்லை. 1221ஆம் ஆண்டு ஒழுங்கின் 17ஆம் அதிகாரத்தில், சகோதரர் அனைவரும் தம் செயல்களால் போதிக்கட்டும் என்ற கருத்து உண்டு. ஆனால் அந்த அதிகாரம் பேச்சை ஒதுக்கவில்லை. பேசுகிறவர் பெருமை கொள்ளக் கூடாது என்பதே அங்கே வலியுறுத்தப்படுகிறது. மேற்படி வாசகத்தைச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசுகிற உரைகளையும் நான் கேட்டதுண்டு.

மன்றாட்டு நல்ல மன்றாட்டு. அதைச் சொல்லக் கூடாது என்று எவரும் சொல்லமாட்டார்கள். பிரச்சினை வேறு. அவருடையது அல்லாததை அவருடையது என்று கொடுக்கும்போது, அவருடையதற்கு இடம் இல்லாமல் போகிறது. ஒரு மணி நேர உரையில் கால் மணி நேரத்தை அந்த மன்றாட்டு எடுத்துக்கொண்டால், சாசனத்துக்கு நேரம் எங்கே?

கதைகள் வந்த வழி

பிரான்சிஸைப் பற்றிய கதைகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. பேசுகிறவர் இந்தக் கால வரிசையைத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1228 ஜூலை 16 அன்று, திருத்தந்தை 9ஆம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அத்திருத்தந்தையின் கட்டளைப்படி தோமா செலானோ என்னும் சகோதரர் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பெவாஞா ஊருக்கு அருகில் பறவைகளிடம் பேசிய நிகழ்ச்சி இந்த முதல் நூலிலேயே இருக்கிறது. பிரான்சிஸோடு நெருங்கி வாழ்ந்த தோழர்கள் 1246இல் கிரெச்சோ ஊரிலிருந்து தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பினார்கள். அதன்பின் தோமா இரண்டாவது வரலாறு ஒன்றை எழுதினார்.

1263 அளவில் சபைத் தலைவர் பொனவெந்தூர் எழுதிய பெரிய வரலாறு ஏற்கப்பட்டது. 1266இல் பாரிஸில் கூடிய சபைப் பேரவை, அதற்கு முந்திய வரலாறுகளை அழித்துவிட வேண்டும் என்று ஆணையிட்டது. சபைக்குள் இருந்த பிளவை ஆற்ற ஒரே கதை போதும் என்று எண்ணியிருக்கலாம். விளைவு என்னவென்றால், பிரான்சிஸை நேரில் அறிந்தவர்களின் குரல் பல நூற்றாண்டுகள் அமுங்கிப்போயிற்று. தோமாவின் முதல் வரலாறு 1768இல்தான் அச்சேறியது.

குப்பியோ ஓநாய்க் கதை இவற்றில் எங்குமே இல்லை. அது 14ஆம் நூற்றாண்டில் உருவான 'சிறுமலர்கள்' என்னும் இத்தாலியத் தொகுப்பிலும் அதன் இலத்தீன் மூலத்திலும்தான் வருகிறது. அதாவது பிரான்சிஸ் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. இத்தாலிய உரைநடையின் இனிய நூல்களில் அது ஒன்று. எளியவர்களின் அன்பு அதில் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதில் தவறு இல்லை. பின்னாளில் மக்கள் போற்றிய கதை என்று சொல்லிவிட்டுச் சொன்னால் போதும். பாட்டி சொன்ன கதையை வீட்டுப் பத்திரமாகக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

1893இல் பிரெஞ்சு புரட்டஸ்தாந்து போதகர் பவுல் சபாத்தியே பிரான்சிஸின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு, பழைய மூலங்களைத் தேடும் ஆர்வத்தை ஐரோப்பா முழுவதும் கிளப்பினார். உரோமை அடுத்த ஆண்டே அந்த நூலைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அவர் தூண்டிய தேடல் நிற்கவில்லை. 1976இல் கயெத்தான் எஸ்ஸர் என்ற செருமானியப் பிரான்சிஸ்கன், பிரான்சிஸின் எழுத்துகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். ஆக, அவர் எழுதியது எது, எழுதாதது எது என்று தெரிந்துகொள்ள இன்று வழியுண்டு. தெரியாது என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

சாசனம்: உரைகளில் விடுபடும் நூல்

பிரான்சிஸ் 1226இல் தன் இறுதி நாள்களில் சொல்லி எழுதுவித்தது அவரது சாசனம். இன்றைய பதிப்புகளில் அது 41 வசனங்கள். வாய்விட்டு நிதானமாக வாசித்தால் பத்து நிமிடம். ஒரு பாடவேளைக்குள் வாசித்து விளக்கியும் முடித்துவிடலாம். தன் வாழ்க்கையைப் பற்றித் தானே சொல்லும் ஒரே நீண்ட பகுதி இதுதான். இதில் பறவையும் இல்லை, ஓநாயும் இல்லை. சான் தமியானோ சிலுவை பேசிய செய்தியும் இல்லை. ஐந்து காய வரம் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை.

எங்கே தொடங்குகிறது? தொழுநோயாளரிடம். தான் பாவ வழியில் இருந்தபோது அவர்களைப் பார்ப்பதே தனக்கு மிகவும் கசப்பாக இருந்தது என்கிறார். ஆண்டவரே தன்னை அவர்கள் நடுவே கூட்டிச் சென்றார் என்றும், அவர்களுக்குத் தான் இரக்கம் காட்டியதாகவும் சொல்கிறார். அவர்களை விட்டுத் திரும்பியபோது, முன்பு கசந்தது ஆன்மாவுக்கும் உடலுக்கும் இனிப்பாக மாறியிருந்தது. பிறகு சிறிது காலம் கழித்து உலகை விட்டதாகக் கூறுகிறார். மனமாற்றத்தின் கதை இவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் தியானம், பிறகு சேவை என்று அவர் சொல்லவில்லை. அருவருத்த மனிதர்களோடு இருந்ததுதான் முதலில். அதன் பிறகே கோவில்களில் விசுவாசம், குருக்கள்மேல் மதிப்பு, சகோதரர்கள் என்று அடுத்தடுத்துப் பேசுகிறார். நாம் சொல்லும் கதையில் பட்டுத்துணி வணிகரின் மகன் இரவு விருந்துகளில் திளைத்தான், ஒருநாள் சிலுவை பேசிற்று, ஆடையைக் களைந்து தந்தையிடம் எறிந்தான் என்று வரும். நாடகத்துக்கு ஏற்ற காட்சிகள். தொழுநோயாளர் அதில் ஒரு வரியில் கடந்து போவார். சாசனமோ நாடகக் காட்சிகளை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்கிறது.

அடுத்தது உழைப்பு. தான் கைகளால் உழைத்ததாகவும், உழைக்க விரும்புவதாகவும், சகோதரர்கள் எல்லோரும் நேர்மையான வேலை செய்ய வேண்டும் என்றும் கூறுகிறார். வேலை தெரியாதவர் கற்றுக்கொள்ள வேண்டும். கூலியின்மேல் உள்ள ஆசைக்காக அல்ல. நல்ல முன்மாதிரிக்காகவும் சோம்பலை விரட்டவும். வேலைக்குக் கூலி கிடைக்காதபோதுதான் வீடு வீடாகப் பிச்சை. பிரான்சிஸ் என்றாலே பிச்சை ஏற்றவர் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தியானத்துக்கு வரும் பீடி சுற்றும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குப் போகும் ஆளுக்கும் இந்தப் பகுதியைவிட நெருக்கமானது வேறில்லை. அதைத்தான் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சாசனத்தில் எல்லாமே இனிமை என்றும் சொல்ல முடியாது. குறித்தபடி திருப்புகழ்மாலை செபிக்காத சகோதரரைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லும் கடுமையான பகுதியும் அதில் உண்டு. உரோமையிலிருந்து சலுகைக் கடிதம் எதுவும் கேட்கக் கூடாது என்றும், ஒழுங்குக்கும் தன் சொற்களுக்கும் விளக்கவுரை சேர்க்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார். நான்கு ஆண்டுகளுக்குள், 1230 செப்டம்பர் 28 அன்று, அவரது நண்பராக இருந்த அதே 9ஆம் கிரகோரி, சாசனம் சகோதரர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார். அதைக் கேட்டு உரோமைக்குப் போனவர்கள் அவருடைய சகோதரர்களே. சாசனத்தை ஓரமாக வைக்கும் பழக்கம் நம் காலத்தில் தொடங்கியதல்ல.

பொலோஞாவில் ஒரு மாணவர் கேட்ட உரை

பிரான்சிஸ் எப்படிப் பேசினார் என்பதற்கு நேரில் கேட்ட ஒருவரின் சாட்சியம் உண்டு. பிற்காலத்தில் தல்மாசியாவின் ஸ்பிலித் நகரில் தலைமைத் திருத்தொண்டராக இருந்த தோமா, இளமையில் பொலோஞாவில் மாணவர். 1222 ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்பு நாளில், அந்நகரப் பொதுச் சதுக்கத்தில் பிரான்சிஸ் பேசியதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

அவர் தரும் செய்திகள் இவை. ஏறத்தாழ நகரமே கூடியிருந்தது. தலைப்பு வானதூதர், மனிதர், பேய்கள். பேசியவரின் ஆடை அழுக்கு, தோற்றம் எளிமை, முகத்தில் அழகில்லை. படிப்பில்லாத ஒருவர் இவ்வளவு நன்றாகப் பேசியது கற்றவர்களையும் வியக்க வைத்தது. ஆனால் அவர் பேசிய விதம் பிரசங்கியாரின் விதம் அல்ல. பொதுக்கூட்டத்தில் ஊர்க்காரியம் பேசுகிறவரின் விதம். பேச்சு முழுவதும் பகையை அணைப்பதையும் சமாதான உடன்படிக்கையைப் புதுப்பிப்பதையும் நோக்கியே சென்றது. தலைமுறை தலைமுறையாக இரத்தம் சிந்திய உயர்குடிக் குடும்பங்கள் பல சமாதானத்துக்கு வந்தன.

இந்தச் சாட்சியத்தில் பேச்சின் சொற்கள் எதுவும் முழுமையாக நினைவில் வைக்கப்படவில்லை. நினைவில் நின்றது அதன் விளைவு. நம் உரைகளைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? "நன்றாகப் பேசினார்", "சிரிக்க வைத்தார்", "அழ வைத்தார்". பேசாதிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் அன்றிரவு பேசிக்கொண்டார்களா என்று எவரும் கேட்பதில்லை. பேசியவரும் கேட்பதில்லை.

நேரம் பற்றியும் பிரான்சிஸ் சொல்லியிருக்கிறார். 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை 3ஆம் ஒனோரியுஸ் உறுதிசெய்த ஒழுங்கின் 9ஆம் அதிகாரம், போதிக்கும் சகோதரர்கள் சொற்களை ஆய்ந்து, மக்களின் பயனுக்காக, சுருக்கமாகப் பேச வேண்டும் என்கிறது. சட்டத்திலேயே சுருக்கத்தை எழுதி வைத்தவரைப் பற்றிய உரைகள் சுருக்கமாக இல்லாதிருப்பது விநோதம்.

சூரியப் பாடலில் விடுபடும் அடிகள்

1979இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தன் சுற்றுமடலுக்கு 'லவுதாத்தோ சீ' என்று அந்தப் பாடலின் சொற்களையே தலைப்பாக வைத்தார். அதன்பின் சகோதரன் சூரியன், சகோதரி நிலா பற்றிய பாடல் இடம்பெறாத பிரான்சிஸ் உரை அபூர்வம். மரம் நடுவதோடு உரை முடியும். நல்ல முடிவுதான்.

ஆனால் அந்தப் பாடல் பிறந்த சூழல் வேறு. 1225இல் பிரான்சிஸ் கண்நோயால் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் சான் தமியானோவில் படுத்திருந்தார். சூரியனைப் பார்க்க முடியாதவர் சூரியனைப் பாடினார். கற்றவர்களின் இலத்தீனில் அல்ல, உம்பிரியா வட்டாரத்து மக்கள் பேச்சில்.

அந்த நாள்களில் அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை. ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்; நகரத் தலைவரோ ஆயரோடு யாரும் கொள்வினை கொடுப்பினை செய்யக் கூடாது என்று பறை சாற்றினார். இவர்கள் இருவரையும் ஒப்புரவாக்க யாருமே முயலவில்லையே என்று பிரான்சிஸ் வருந்தினார். ஏற்கெனவே பாடிய பாடலில், மன்னிப்பவர்களைப் பற்றிய அடிகளைச் சேர்த்தார். இருவரையும் ஆயர் இல்லத்தில் கூட்டி, இரண்டு சகோதரர்களை அனுப்பிப் பாட வைத்தார். நகரத் தலைவர் கண்ணீரோடு எழுந்து மன்னிப்புக் கேட்டார். ஆயரும் தன் முன்கோபத்தை ஒப்புக்கொண்டார் என்று தோழர்களின் நினைவுத் தொகுப்பு கூறுகிறது. மரணம் நெருங்கியபோது சகோதரி மரணத்தைப் பற்றிய அடிகளும் சேர்ந்தன.

ஆகவே அது வெறும் இயற்கைப் பாடல் அல்ல. சூரியன், காற்று, தண்ணீர், நெருப்பு, மண் ஆகியவை எல்லாம் பகையின்றித் தம் வேலையைச் செய்கின்றன. பகைத்துக்கொண்டு நிற்பது மனிதன் மட்டுமே. பாடல் மனிதனுக்கு வரும்போது மன்னிப்பவனைத்தான் புகழ்கிறது. அந்த அடிகளை விட்டுவிட்டு மற்றதைப் பாடினால் பாடலின் நோக்கமே போய்விடுகிறது. கோவில் திருவிழாவில் தேரை எந்தத் தெரு முதலில் தொடுவது என்று மனத்தாங்கல் உள்ள ஊரில் மரக்கன்று மட்டும் நடுவது சுலபம்.

தியானம்: நான்கு பேர் போதும்

தமிழகத் தியானங்கள் இன்று பெரும்பாலும் பந்தல், ஒலிபெருக்கி, பாடற்குழு, நூற்றுக்கணக்கான மக்கள் என்று நடக்கின்றன. அவற்றால் ஆறுதல் பெற்றவர்கள் பலர், அதை மறுக்கவில்லை. ஆனால் 'பிரான்சிஸ்கன் தியானம்' என்று பெயர் வைத்தால், பிரான்சிஸ் தனிமை வாழ்வுக்கென எழுதிய சிறிய ஒழுங்கைப் பார்க்க வேண்டும். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

தனிமை இல்லத்தில் மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர் என்கிறது அந்த ஒழுங்கு. அவர்களில் இருவர் 'தாய்மார்'. அவர்களுக்கு இரண்டு 'பிள்ளைகள்', அல்லது குறைந்தது ஒன்று. தாய்மார் மார்த்தாவைப் போல் வேலைகளைப் பார்த்து, வெளியார் வந்து தொந்தரவு செய்யாமல் காப்பார்கள். பிள்ளைகள் மரியாவைப் போல் செபத்தில் இருப்பார்கள். பிறகு முறை மாற்றிக்கொள்வார்கள், பிள்ளைகள் தாய்மாராவார்கள். ஆண் துறவிகளுக்கு ஒருவர் மற்றவரின் தாயாக இருக்கச் சொல்லும் இந்த ஒழுங்கு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது.

இதில் பேச்சாளருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் யாருக்கும் உரை நிகழ்த்துவதில்லை. ஒருவர் செபிப்பதற்காக இன்னொருவர் சமைக்கிறார். நாளை அவர் செபிக்க இவர் சமைக்கிறார். நம் தியானங்களில் சமையல் கொட்டகையில் மூன்று நாளும் இருப்பவர்கள் யார்? ஒரு முறையாவது அவர்கள் உள்ளே வந்து உட்கார, உள்ளே இருந்தவர்கள் வெளியே போய்ச் சோறு வடித்ததுண்டா? தியானத்துக்கு வந்த தாய்மார்களுக்கு, வீட்டில் அவர்கள் இடத்தில் நின்று உலை வைத்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொன்னால் அதுவே பாதித் தியானம்.

நம் கரைக்கு வந்த வரலாறு

பிரான்சிஸ்கன் வரலாறு சொல்லும் உரைகள் அசிசியிலேயே நின்றுவிடுகின்றன. தமிழ்க் கரைக்கு அந்தச் சபையினர் வந்தது 13ஆம் நூற்றாண்டிலேயே என்பது பலருக்குத் தெரியாது. சீனாவுக்கு அனுப்பப்பட்ட யோவான் மொந்தெகொர்வீனோ 1291இல் பாரசீகத்திலிருந்து புறப்பட்டு, இந்தியாவில் திருத்தூதர் தோமாவின் ஆலயம் இருந்த பகுதியில் 13 மாதங்கள் தங்கினார். அது மயிலாப்பூர் என்று கொள்ளப்படுகிறது. அங்கங்கே ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகவும், தன்னோடு வந்த தொமினிக்கன் துறவி நிக்கோலாஸ் இறந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் 1305இல் பீக்கிங்கிலிருந்து எழுதினார். அவர் பின்னால் படையில்லை, கொடியில்லை.

போர்த்துக்கேயரோடு வந்தவர்களின் கதை அப்படியல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபோது பிரான்சிஸ்கன் துறவிகள் வென்றவர்களின் பக்கம் நின்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கோவாவில் பவுலோ த திரிந்தாதே என்ற பிரான்சிஸ்கன் தன் சபையின் கீழ்த்திசைப் பணிகளை எழுதியபோது, நூலுக்கு வைத்த பெயரிலேயே 'ஆன்மிக வெற்றிகொள்ளல்' என்ற சொல் இருக்கிறது.

பிரான்சிஸ் சொன்னது வேறு. சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219இல் அவர் எகிப்தில் தமியாத்தா போர்க்களத்தைக் கடந்து, சுல்தான் அல்-காமிலைச் சந்தித்து, உயிரோடு திரும்பினார். திரும்பிய பின் 1221ஆம் ஆண்டு ஒழுங்கின் 16ஆம் அதிகாரத்தில் இசுலாமியரிடையே செல்லும் சகோதரர்களுக்கு இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, வாக்குவாதமும் சண்டையும் செய்யாமல், கடவுளுக்காக எல்லா மனிதருக்கும் பணிந்திருந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வது. மற்றது, கடவுளுக்கு விருப்பம் என்று காணும்போது இறைவார்த்தையை அறிவிப்பது. பணிந்திருப்பது முதலில். நெருப்பில் இறங்கிக் காட்டுகிறேன் என்று சுல்தானிடம் அவர் சவால் விட்டதாக உரைகளில் விரித்துச் சொல்லப்படும் கதை தோமாவின் முதல் வரலாற்றில் இல்லை. பொனவெந்தூரின் நூலில் வருகிறது. சவால் விட்டவர் வேண்டுமா, பணிந்திருக்கச் சொன்னவர் வேண்டுமா என்பது இன்று பல மதத்தார் சேர்ந்து வாழும் நம் ஊர்களில் சின்னக் கேள்வியல்ல. யாழ்ப்பாணத்து வரலாற்றையும் இந்த அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். சபையின் தவறை மறைப்பதால் அதன் நிறுவனருக்கு ஒரு பெருமையும் சேராது.

அந்தோனியாருக்கு எழுதிய சிறு கடிதம்

தமிழ் மக்கள் செவ்வாய்க்கிழமைகளில் தேடிப்போகும் பதுவைப் புனித அந்தோனியார் பிரான்சிஸ்கன் துறவி என்பதைக் கேட்டதும் வியப்பவர்கள் உண்டு. படித்தவர், பெரும் பிரசங்கியார். சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது பிரான்சிஸ் அவருக்கு இரண்டே வரியில் பதில் எழுதினார்: நீர் கற்பிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே, அந்தப் படிப்பினால் செப உணர்வு அணைந்துபோகாதிருந்தால் போதும் என்பது அதன் பொருள்.

ஆசிரியனாக வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கடிதம்மேல் தனி மதிப்பு. மேலே நான் சொன்ன ஆண்டுகளும் பிரதிகளும் திருத்தங்களும் தெரிந்துவிட்டதாலேயே ஓர் உரை நல்ல உரையாகிவிடாது. தவறான மன்றாட்டை உண்மையாகச் சொல்லும் பாட்டியம்மா, சரியான ஆண்டைச் சொல்லி அவரைத் திருத்தும் என்னைவிட பிரான்சிஸுக்கு அருகில் இருக்கலாம். திருத்தம் தேவை, ஆனால் அது அவரது குரலுக்கு வழிவிடுவதற்காக மட்டுமே.

என்ன செய்யலாம்

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பேசுகிறவர் தன் உரையில் பாதி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் சாசனத்தை முழுமையாக, கடுமையான பகுதிகளையும் விடாமல், வாசிக்கச் செய்யலாம். ஊரிலுள்ள ஒருவர் வாசிக்கட்டும். ஓநாய்க் கதையைப் பிள்ளைகளுக்குக் கதை என்று சொல்லிச் சொல்லலாம். சூரியப் பாடலைப் பாடினால் மன்னிப்பு அடிகளையும் சேர்த்தே பாட வேண்டும். பாடி முடித்ததும் ஐந்து நிமிடம் அமைதியாக விட வேண்டும், யாருக்காவது எழுந்து போய் யாரிடமாவது பேச வேண்டியிருக்கலாம். தியானத்தில் சமையல் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த முறை அதே ஊருக்குப் பேசப் போனபோது சாசனத்தின் தொடக்கத்தை வாசித்தேன். கூட்டம் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. கைதட்டலும் இல்லை. அந்தப் பெரியவர் அதே கடைசி வரிசையில்தான் இருந்தார். முடிந்ததும் வந்து, "அப்போ எங்ககிட்ட வந்த பிறகுதான் அவருக்கு எல்லாம் ஆரம்பிச்சுதா சார்?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா, அப்படித்தான் எழுதியிருக்கிறார்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைப் பிடிக்க அவருக்குச் சிரமமாக இருந்ததால், அவர் குடித்து முடிக்கும்வரை தானே பிடித்துக்கொண்டு நின்றார்.